நல்லதண்ணி உள்ள தீவுகள்

எங்கள் ஊர்ப் பக்கம் குடிக்கிற தண்ணீரை யாரும் வெறுமனே தண்ணீர் என்று சொல்ல மாட்டார்கள். நல்லதண்ணி என்பார்கள். துணி துவைக்க, பாத்திரம் கழுவ இருப்பது உப்புத்தண்ணி. இரண்டுக்கும் தனித்தனிக் குடம். நல்லதண்ணிக் குடத்தில் கைவிட்டால் அடி விழும். ராமநாதபுரம் மாவட்டத்தைத் தண்ணியில்லாக் காடு என்று ஊரே சொன்ன காலத்தில் வளர்ந்தவள் என் அம்மா. குழாயில் காவிரித் தண்ணீர் வந்து வருடங்கள் ஆகியும் அவள் வாயில் அந்தச் சொல் மாறவில்லை.

கடலுக்குள் இருக்கும் தீவுகளுக்கும் எங்கள் ஆட்கள் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். முந்தலுக்கு எதிரே நல்லதண்ணித் தீவு. அதற்குத் தென்மேற்கே, வேம்பார்ப் பக்கம் உப்புத்தண்ணித் தீவு. மீன்பிடிக்கப் போனவன் எங்கே இறங்கினால் நாக்கை நனைக்கலாம், எங்கே இறங்கி ஏமாறக் கூடாது என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இந்தப் பொங்கல் விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பும்போது என் மனதில் இருந்தது இந்த இரண்டு பெயர்கள்தான். கூட வேலை பார்க்கும் தோழி அந்தமானுக்குப் போய், ஒரே விடுமுறையில் நான்கு தீவு பார்த்துவிட்டு வந்திருந்தாள். படங்களைப் பார்த்த என் மகள், "நம்ம ஊர்க் கடல்ல தீவு இல்லையாம்மா?" என்றாள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மட்டும் 21 தீவு என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கடற்கரையில் வேர் உள்ள நானே அதுவரை ராமேஸ்வரம் தவிர ஒரு தீவிலும் கால் வைத்ததில்லை.

மாமாவுக்குப் போன் போட்டேன். அம்மாவின் தம்பி. நாற்பது வருடம் வல்லத்தில் மீன்பிடிக்கப் போனவர், இப்போது முழங்கால் விட்டுவிட்டதால் கரையில் இருக்கிறார். "பொங்கலுக்கு வர்றோம் மாமா, தீவெல்லாம் பாக்கணும்" என்றதும் அவர் கேட்டது காற்றைப் பற்றி. "தை மாசமா? வாடை இருக்கும் தாயி. வடக்க கொந்தளிக்கும், தெக்க தூங்கும். தாராளமா வாங்க."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மண்டபத்தில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குக் கடல் ஆழம் குறைந்தது, பொதுவாக அடங்கி இருப்பது. அதைப் பெண்கடல் என்பார்கள். தெற்குக் கடல் ஆண்கடல். ஆனால் வாடைக் காலத்தில் இது தலைகீழ். வடகிழக்கிலிருந்து அடிக்கும் காற்று பெண்கடலை எழுப்பிவிடும், ஆண்கடல் குளம்போல் கிடக்கும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் திரும்பவும் தெற்கு சீறும். 21 தீவும் தெற்கில்தான். ஆகவே பள்ளிக்கூடத்துப் பெரிய லீவில் மே கடைசியில் போகிறவர்களைவிடத் தை, மாசியில் போகிறவர்களுக்குத் தீவு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மாமாவிடம் கேட்பதற்கு முன்பே நான் ஒரு தவறு செய்திருந்தேன். இணையத்தில் கிடைத்த ஒரு ஏஜென்ட், "ஒரே நாளில் ஏழு தீவு, எல்லாத்துலயும் இறங்கிக் குளிக்கலாம்" என்றார். மூவாயிரம் ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டேன். மாமா கேட்டதும் கத்தினார். இந்தத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. 1989இல் சுற்றிலும் உள்ள 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆனது. அனுமதி இல்லாமல் தீவில் இறங்குவது குற்றம். வனத்துறை தானே படகு விட்டு அழைத்துப் போகும் இடங்கள் சில இருக்கின்றன, அவ்வளவுதான். ஏஜென்டிடம் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொன்னேன். அன்றோடு அவர் போன் அணைந்தது. பணம் போனதைவிட, இறங்கியிருந்தால் மகளுக்கு முன்னால் எதைச் செய்திருப்பேன் என்ற நினைப்புத்தான் அதிகம் உறுத்தியது.

முதல் தீவு எல்லோருக்கும் தெரிந்த பாம்பன் தீவு. ராமேஸ்வரம் ஒரு தீவு என்பதைப் பாலம் மறக்கடித்துவிட்டது. ரயிலில்தான் போக வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிப்ட் மாதிரி செங்குத்தாக மேலே போகும். பக்கத்திலேயே 1914இன் பழைய பாலம், கத்திரிபோல் பிளந்து திறக்கும் இரண்டு இரும்புக் கைகளோடு நின்றது. நூறு வருடத்துக்கும் மேல் உப்புக்காற்றைத் தின்ற இரும்பு. சின்ன வயதில் அதன்மேல் ரயில் ஊர்ந்தபோது அம்மா என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை என் கை தானாக மகளின் சட்டைக்குப் போனது.

மறுநாள் குருசடைத் தீவுக்குத் திட்டம். விடியும்போதே காற்று மாறியிருந்தது. பாம்பனில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாக மாமா விசாரித்துச் சொன்னார். படகு கிடையாது. சரி, தரையில் போகக்கூடிய முனைக்குப் போவோம் என்று தனுஷ்கோடிக்கு வண்டியைத் திருப்பினோம்.

போகிற வழியில் இரண்டு பக்கமும் நீர்ப்பரப்பு. இடது பக்கம் தேங்கிய ஆழமில்லாத நீரில் பூநாரைகள். தூரத்தில் வெள்ளைக் கோடுபோல் தெரிந்தவை, ஒன்று சிறகை விரித்ததும் உள்ளே செவ்வரியாகத் தெரிந்தன. 2025 ஜூனில் இந்தப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்தது நல்லது. வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துப் பறக்க வைத்துப் படம் எடுப்பவர்களையும் யாராவது நிறுத்த வேண்டும். அன்று மட்டும் இரண்டு முறை பார்த்தேன்.

1964 டிசம்பர் 22 இரவு இந்த ஊர் போன கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் ஐம்பது வருடம், மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர்கள் இங்கே நீராவிக் கப்பல் ஏறி இலங்கையின் தலைமன்னார் போனார்கள். புயலில் பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. பவளக் கற்களால் கட்டிய தேவாலயத்தின் சுவர் இன்னும் நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள். ஒரு காலத்தில் ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருந்தது. ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுத்த தொட்டியின் இடிபாடும் அங்கே இருக்கிறது. எல்லோரும் தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள, மாமா அந்தத் தொட்டியின் பக்கம் போய் நின்றார். "இத்தன ரயிலுக்கும் இத்தன ஆளுக்கும் தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னு நெனைக்கிற?" என்றார்.

பதில் அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் ஒரு குடிசைக்குப் பின்னால் இருந்தது. மணலில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி. இந்தப் பக்கம் கடல் கூப்பிடு தூரம், அந்தப் பக்கமும் அதே. குழிக்குள் ஓர் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அடியில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் ஊறி நின்றது. அதைச் சிரட்டையால், கலங்காமல், மேலாக மட்டும் வழித்துக் குடத்தில் ஊற்றினார். நான்கு சிரட்டை எடுத்ததும் நிறுத்திவிட்டார். மணல் ஓரம் ஈரமாகிக் கறுத்து, துளித்துளியாகத் திரும்ப ஊறும்வரை கையை முழங்காலில் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு மூன்று சிரட்டை. அவசரம் எதுவும் இல்லை. மகள் எட்டிப் பார்த்ததும், "குடிச்சுப் பாரு கண்ணு" என்று சிரட்டையை நீட்டினார். குடித்துவிட்டு மகள் கேட்டாள்: "சுத்தியும் உப்பு. இது மட்டும் எப்படி நல்லதண்ணி?"

அக்கா சொன்னார்: "மழ பெஞ்சது. மணலு பிடிச்சு வச்சிருக்கு. தோண்டுனா தரும். ஆழமாத் தோண்டுனா கோவிச்சுக்கிட்டு உப்பாயிரும்."

அறிவியல் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். மணலில் இறங்கிய மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. உப்புநீருக்கு மேலே ஒரு வில்லைபோல மிதந்துகொண்டு நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல நீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல நீர் இருக்கும். கேட்க ஆனந்தமான கணக்கு. ஆனால் அதுவே மறுபக்கமும் வேலை செய்யும். மோட்டார் வைத்து உறிஞ்சி மேலே ஓர் அடி குறைத்தால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவிடும். ஏறிய உப்பு சீக்கிரத்தில் இறங்காது. அந்த அக்கா சிரட்டையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது ஏன் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாகப் பிடிபட்டது. ராமேஸ்வரம் தீவு முழுக்க லாட்ஜுகள் எழும்பிக்கொண்டிருக்கும் இந்த நாளில் எனக்கு இது ஓர் அச்சமாகவே மனதில் நிற்கிறது.

தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காலி செய்து, அக்காவிடம் கேட்டு அதில் நிரப்பிக்கொண்டேன். அம்மாவுக்கு.

கோயில் பற்றி நிறைய எழுத மாட்டேன், எழுதியவர்கள் ஏராளம். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டோம். கிணற்றுக்குக் கிணறு ருசி வேறு என்பார்கள். முந்தின நாள் சிரட்டைத் தண்ணீர் குடித்த பிறகு அந்தப் பேச்சு எனக்கு வேறு மாதிரி கேட்டது. வில்லூண்டி தீர்த்தத்துக்கும் போனோம். கடலுக்குள் கொஞ்ச தூரம் நடைபாலம், அதன் முடிவில் கிணறு. சீதைக்குத் தாகம் எடுத்தபோது ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதீகம். தீவில் வந்து நிற்பவன் முதலில் தேடுவது எதை என்பதை அந்தக் கதை அறிந்திருக்கிறது.

கூண்டு இறக்கியதும் குந்துகாலுக்குப் போனோம். 1897 ஜனவரியில் வெளிநாட்டுப் பயணம் முடித்து வந்த விவேகானந்தர் கரை இறங்கிய இடம். அங்கிருந்து வனத்துறைப் படகில் குருசடை. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. லைப் ஜாக்கெட் மாட்டி, கொண்டுபோகும் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, பாட்டில்களை எண்ணி அனுப்பினார்கள். எனக்கு அது பிடித்தது.

குருசடை சின்னத் தீவுதான். வெள்ளை மணல், ஓரத்தில் சதுப்புநில மரங்கள், கரையெல்லாம் உடைந்த பவளத்துண்டுகள். ஆனால் கடல் உயிரியல் படித்தவர்களுக்கு இது ஒரு திருத்தலம். சென்னை அருங்காட்சியகம் 1927இலேயே இந்த ஒரு தீவின் கரையோர உயிர்களைப் பற்றித் தனி நூல் போட்டது. முதுகெலும்பு உள்ளவைக்கும் இல்லாதவைக்கும் நடுவில் நிற்பதாகப் பாடப்புத்தகத்தில் படிப்போமே, பலனோகிளாசஸ் என்ற புழு, அதற்குப் பேர்போன இடம். கல்லூரிப் பரீட்சைக்கு அதன் படத்தை நான் எத்தனை முறை வரைந்திருப்பேன்! அது இருக்கும் மணல் எங்கள் மாமாவின் கடலில் என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை.

கூட வந்த வழிகாட்டித் தம்பி முழங்கால் தண்ணீரில் நிற்கவைத்துக் கீழே பார்க்கச் சொன்னார். முதலில் பச்சையும் பழுப்புமாக ஒரு மங்கல். கண் பழகியதும் கடல்புல் அசைந்தது. இரண்டு கைப்பிடி அளவு மணலில் மட்டும், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் ஏழு, மண்ணோடு மண்ணாகக் கிடந்த ஒரு கடல் அட்டை, விரல்நுனி அளவு மீன்கூட்டம். கடல்புல்தான் ஆவுளியாவுக்குச் சாப்பாடு. புத்தகத்தில் கடல்பசு என்று இருக்கும், இங்கே ஆவுளியா என்றால்தான் புரியும். எங்கள் மாமா வாழ்நாளில் உயிரோடு பார்த்தது சில தடவைதான். அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

வழிகாட்டித் தம்பியிடம் பவளத்தைப் பற்றிக் கேட்டேன். 2010இலும் 2016இலும் கோடையில் கடல் சூடேறி, பவளங்கள் வெளுத்து, நிறையச் செத்துப்போயின என்றார். போதாததற்குத் தொழிலுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ் என்ற பாசி தப்பித்து வந்து இங்கே பவளத்தின்மேல் படர்ந்து மூச்சை அடைக்கிறது. ஆள் வைத்துக் கையால் பிடுங்குகிறார்களாம். பிடுங்கினாலும் துண்டு விழுந்த இடத்தில் திரும்பத் தழைக்குமாம்.

பாசி என்றதும் பாம்பன் பக்கத்து மீனவ ஊரான சின்னப்பாலத்தின் பெண்களைச் சொல்லாமல் விட முடியாது. திரும்பி வரும்போது கரையில் மூன்று பேர் கோணிகளைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். வற்று நாட்களில் பாறை இடுக்கில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவர்கள். அதில் மூத்தவர் என்னிடம் கையைக் காட்டினார். விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றித்தான் இறங்குவார்களாம், அப்படியும் பாறை கிழித்துவிடும். உள்ளங்கையில் ரேகையே இல்லை. வெட்டுத் தழும்புகள்தான் ரேகை. இந்தச் சின்னப்பாலத்துப் பெண் ஒருவர் 2015இல் அமெரிக்காவரை போய், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது வாங்கி வந்திருக்கிறார். ஆனாலும் பூங்கா வந்த பிறகு, பரம்பரையாகப் போன தீவோரம் போகப் பயந்துதான் போகிறார்கள். பவளத்தைக் காக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. டிக்கெட் வாங்கிய நான் கூச்சமில்லாமல் இறங்கிய மணலில், அதன் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவள் இறங்கப் பயப்படுகிறாள் என்பதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அங்கிருந்து கடற்கரைச் சாலையில் மேற்கே. கீழக்கரையில் தொதல் வாங்க நின்றோம். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டிய இனிப்பு, எண்ணெய் மினுமினுக்க, விரலில் ஒட்டாது. வண்டியிலேயே பாதி தீர்ந்தது.

ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசை. இங்கேயும் வனத்துறைப் படகு. கடலுக்குள் ஒரு மணல் திட்டு, நாலாபக்கமும் நீலம், நடுவில் நாம் நிற்கும் அளவுக்கு மணல். அலை ஒன்று இந்தப் பக்கம் வந்தால் இன்னொன்று அந்தப் பக்கமிருந்து வந்து காலடியில் சந்திக்கிறது. மகள் இதைத்தான் மிகச் சிறந்த தீவு என்கிறாள். அவளோடு எனக்கு வாக்குவாதம் இல்லை.

அங்கே நின்றுதான் மாமா கிழக்கே கைநீட்டினார். "அது அப்பா தீவு. அதுக்கு இங்கிட்டு பூவரசன்பட்டி இருந்துச்சு." இருந்தது. இப்போது தண்ணீருக்கு அடியில். 21 தீவில் இரண்டு மூழ்கிப்போயின. பூவரசன்பட்டி ஒன்று, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி இன்னொன்று. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் வருடக்கணக்கில் பவளப்பாறையை வெட்டிக் கரை சேர்த்தார்கள். அலையைத் தடுத்து நின்ற அந்தப் பாறை போனதும் மணல் கரைந்தது. "நீங்களும் வெட்டுனீங்களா மாமா?" என்று மகள் நேராகக் கேட்டுவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். மாமா கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்தார். "எங்க அய்யா வெட்டுனாரு. நான் சின்னப் பயலா வல்லத்துல உக்காந்து கல்ல வாங்கி அடுக்குனேன். நம்ம பழைய வீட்டு அஸ்திவாரம் அந்தக் கல்லுதான்." அந்த வீட்டில்தான் என் அம்மா வளர்ந்தாள். அடுத்த தலைமுறையாக நான் பிறந்தேன். அதற்குமேல் யாரும் பேசவில்லை. படகுக்காரர் கூப்பிடும்வரை அலைச்சத்தம் மட்டும்.

கடைசி நாள் முந்தல். நல்லதண்ணித் தீவு கரையிலிருந்தே தெரியும், கடல் மட்டத்தில் ஒரு பச்சைக் கோடு. அங்கே இறங்க முடியாது, இறங்கவும் நாங்கள் கேட்கவில்லை. பூங்கா வருவதற்கு முன்னால் வலை உலர்த்த, இரவு தங்க, சோறு பொங்க அங்கேதான் ஒதுங்குவார்களாம். கைக்குழி தோண்டினால் தண்ணீர் வரும். குடங்களில் பிடித்து வல்லத்தில் வைத்து ஊருக்கும் கொண்டுவருவார்களாம். கரையில் இருந்த எங்கள் கிணறு உப்பு, கடலுக்கு நடுவில் இருந்த தீவில் நல்லதண்ணி.

முழங்கால் வலியால் எந்தத் தீவுக்கும் வராத அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். தனுஷ்கோடி பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். எங்கே எடுத்தது என்று சொல்லவில்லை. அண்ணாந்து ஒரு மடக்கு குடித்தாள். வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு விழுங்கினாள்.

"தீவுத் தண்ணி" என்றாள்.

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "நல்லதண்ணித் தீவுல குடிச்சமே, அதே ருசி இல்லக்கா?"

அம்மா இன்னொரு மடக்கு குடித்தாள். "இல்லடா. இது லேசாக் கரிக்குது. அது கரிக்காது. அது தேன்."

"அதுவும் கரிக்கத்தான்க்கா செய்யும். அன்னைக்கு நமக்குத் தாகம்."

"நீ அப்ப சின்னப் பய, ஒனக்கு என்ன தெரியும்" என்று அம்மா பாட்டிலை மூடித் தன் பக்கமாக வைத்துக்கொண்டாள். மகள் ஒரு வாய் கேட்டபோதுகூட, மூடியில் ஊற்றி, மூடி அளவுதான் கொடுத்தாள்.